ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த ஊர்

கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். சர்வரை எப்படிப் பராமரிப்பது, பேக்கப் எப்போது எடுப்பது என்றெல்லாம் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் வைத்திருந்த சர்வரைவிட இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு மூளை அதிகம். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் மூன்று நாள் முட்டாளாக இருந்த கதையைச் சொல்கிறேன். முப்பது வருஷம் இந்தத் திருப்பதியில் வேலை பார்த்ததில் எனக்கு அதிகம் பயன்பட்டவை அந்த மூன்று நாட்கள்தான்.

நான் இந்த அட்மிஷன் ஆபீசில் சேர்ந்த காலத்தில் நம் கல்லூரிகளில் அட்மிஷன் என்றால் வராண்டா முழுக்க ஜனம். சத்தியவேட்டிலிருந்தும் குப்பத்திலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்து, ஒரு பாரத்தை நீட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பிறகு சின்ன டவுன்களிலும் நெட் சென்டர் வந்தது. வீட்டுக்கு ஒருவர் சென்னை, பெங்களூர் என்று கிளம்பினார்கள். தடா பக்கம் பெரிய கம்பெனிகள் வந்து, கிராமத்துக்குள் வேன் விட்டு ஆள் எடுக்க ஆரம்பித்தன. இனிமேல் எல்லாம் வெப்சைட்டிலேயே நடக்க வேண்டும் என்று எங்கள் டைரக்டர் முடிவு செய்தார். மாணவர்கள் தங்கள் ராங்க்கை வைத்து எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். பத்து நாள் அவகாசம், கடைசி நாள் சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

அந்த லாகின் பக்கத்தை வடிவமைத்தது நான்தான். அப்ளிகேஷன் நம்பர்தான் யூசர் பெயர். பிறந்த தேதிதான் முதல் பாஸ்வேர்டு. வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒருவரும் மாற்றவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் எதை மறந்தாலும் பிறந்த தேதியை மறக்க மாட்டார்கள் என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொன்னேன். ஒரே கணக்கில் ஐந்து முறை தப்பாக அடித்தால் கதவு ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்படியும் செய்திருந்தேன். "இதுக்கு மேல ஒரு ஈ நுழைய முடியாது சார்" என்று டைரக்டரிடம் சொன்னது இன்றும் என் காதில் விழுகிறது.

கடைசி வாரத்தில் புதன்கிழமை காலை ஒரு போன் வந்தது. பெண்குரல்.

"மேடம், நான் மஞ்சுளா பேசறேன். சத்தியவேடு பக்கம். நான் வெச்ச ஆப்ஷன் மாறிப்போயிருக்குது மேடம். ஃபர்ஸ்ட்டு நர்ஸிங் வெச்சேன். இப்ப பாத்தா அது இல்ல, வேற என்னமோ இருக்குது."

எனக்குச் சொந்த ஊர், தமிழ்நாட்டு எல்லையில் நகரிப் பக்கம். அந்தப் பெண் பேசிய தமிழ்தான் எங்கள் வீட்டுத் தமிழும். ஆனால் ஆபீசில் உட்கார்ந்து தமிழில் பதில் சொன்னால் ஊர்க்காரி என்று சலுகை கேட்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் வேண்டுமென்றே தெலுங்கில் பதில் சொன்னேன். நீயே தப்பாக அழுத்தியிருப்பாய், கம்ப்யூட்டர் தானாக எதையும் மாற்றாது, பார்த்து அழுத்து என்று. பிறகு "சரேண்டி" என்று அவளும் தெலுங்குக்கு மாறி வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் காபி குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவளே நேரில் வந்து நின்றாள். கூட அவள் அப்பா. நாகலாபுரம், புத்தூர் என்று சுற்றிக்கொண்டு வரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவருக்குக் கூலி வேலை, அதோடு கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மஞ்சுளா கையில் ஒரு காகிதம் இருந்தது. அவள் ஆரம்பத்தில் வைத்த ஆப்ஷன்களின் பிரின்ட். முதலில் எங்கள் திருப்பதி நர்ஸிங் கல்லூரி. சர்வரில் பார்த்தால் அந்த இடத்தில் எங்கோ தூரத்து ஊரில் ஒரு டிப்ளமா படிப்பு. திங்கட்கிழமை மாற்றப்பட்டிருந்தது. தப்பாக அழுத்தினால் இப்படி ஆகாது. நர்ஸிங் என்று இருந்த எல்லாவற்றையும் தேடித் தேடி எடுத்திருந்தார்கள்.

"நர்ஸிங் கெடைக்கலனா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். இந்த முறை தமிழில்தான் கேட்டேன்.

"கம்பெனி வேன்ல ஏறணும் மேடம். அக்கா ரெண்டு பேரும் அதுலதான் போய்க்கினு இருக்காங்க. நைனா ஒரு தபாதான் கேக்கச் சொன்னாரு. திருப்பதில கெடச்சா படி, இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வேலைக்கிப் போன்னு சொல்லிட்டாரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் கணக்கைத் திறந்து பதிவுகளைப் பார்த்தேன். தப்பான முயற்சி ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை வேறு ஏதோ ஊர் இணைப்பிலிருந்து யாரோ வந்து, முதல் முறையே சரியான பாஸ்வேர்டை அடித்து உள்ளே போயிருக்கிறார்கள். கதவை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். அப்படியென்றால் தெரிந்தவன்தான். அவள் திரும்ப நர்ஸிங் வைத்தாலும் அவன் மறுபடி வந்து மாற்றிவிடுவான்.

"உன் பொறந்த தேதி யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

அப்போது அவள் அப்பா முதல் முறையாக வாயைத் திறந்தார். "எந்தத் தேதி மேடம்? பொறந்ததா, ஸ்கூல்ல போட்டதா?"

"ஸ்கூல்ல போட்டதுதாங்க, டி.சி.ல இருக்கறது" என்றேன் எரிச்சலோடு.

"பொறந்தது அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும். நல்ல மழ பெஞ்சிகினு இருந்துச்சு" என்றார் அவர். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பிள்ளைகளே, இந்த இடத்தை மறக்காதீர்கள். விடையை ஒரு மனிதர் என் மேஜைக்கு எதிரே நின்று சொல்லிவிட்டார். நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் பாரத்தை யார் அடித்துக் கொடுத்தது என்று கேட்டேன். முனிரத்னம் என்றாள். சத்தியவேட்டில் நெட் சென்டர் வைத்திருப்பவர். அதே போல வேறு புகார் வந்திருக்கிறதா என்று தேடினேன். ஏழெட்டு இருந்தன. நாங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அத்தனையும் முனிரத்னம் சென்டரில் அடித்த பாரங்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சென்டர்காரனிடம் எல்லாருடைய தேதியும் இருக்கிறது. ஏதோ காலேஜ் சீட் புரோக்கருக்கு லிஸ்ட்டை விற்றுவிட்டான். நல்ல ராங்க்காரர்கள் நர்ஸிங்கை விட்டு விலகினால், கீழே இருக்கிற புரோக்கரின் ஆட்களுக்கு இடம் கிடைக்கும். கணக்கு சரியாக இருந்தது. புரோக்கர் விஷயத்தில் நான் நினைத்தது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. மனிதர் விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

அன்று மத்தியானமே முனிரத்னம் சென்டரிலிருந்து யாரும் நம் வெப்சைட்டுக்குள் வர முடியாதபடி அடைத்தேன். மஞ்சுளாவைக் கூப்பிட்டு, கவலைப்படாதே, திருடனைப் பிடித்தாயிற்று என்றேன். அவள் முகம் தெளியவில்லை. "அந்த அண்ணன் அப்பிடிப்பட்டவரு இல்ல மேடம்" என்றாள். உனக்கு உலகம் தெரியாதம்மா என்று அனுப்பி வைத்தேன். உலகம் தெரிந்தவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு மனிதர் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தார். சட்டையெல்லாம் செம்மண் தூசி. அத்தனை தூரமும் பைக்கிலேயே வந்திருக்கிறார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"நான்தான் முனிரத்னம். எங்க சென்டர்லேர்ந்து உங்க வெப்சைட்டு தெறக்கல மேடம். சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் அது ஒண்ணுதான் இருக்குது. பசங்க காலைலேர்ந்து வெளிய நின்னுகினு இருக்காங்க. நாளிக்கு கடசி நாளு. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?"

"அவங்க பண்ணல. அவங்க பாஸ்வேர்ட வெளிய குடுத்தவங்க பண்ணாங்க" என்றேன்.

அவருக்கு நான் சொல்வது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி, ஒரு கட்டு காகிதத்தை எடுத்தார். அவர் பாரம் அடித்துக் கொடுத்த பிள்ளைகளின் டி.சி. ஜெராக்ஸ்கள். அவற்றை என் மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்ப ஆரம்பித்தார். மேஜை நிரம்பி, பக்கத்து மேஜையும் நிரம்பியது.

"பொறந்த தேதிய மட்டும் படிங்க மேடம்."

படித்தேன். ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. நடுவில் ஒரு ஜூலை ஒன்று. மறுபடியும் ஜூன் ஒன்று. எல்லாரும் ஒரே வகுப்பு என்பதால் வருஷமும் ஒன்றே.

"எங்க பக்கம் எந்த அப்பன் ஆத்தா தேதி எழுதி வெச்சாங்க? ஸ்கூல் தெறக்கற அன்னிக்கு கூட்டிகினு போவாங்க. ஹெட்மாஸ்டரு பாப்பாரு. அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்னு ரூல்ஸு. ஜூன் ஒண்ணுன்னு ஒரே தேதியப் போட்டுட்டுப் போவாரு. நான் எதுக்கு மேடம் திருடி விக்கணும்? எங்க ஊருக்கே ஒரே பாஸ்வேர்டு."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன் தெரியுமா? என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும் பிறந்த தேதியும் ஜூன் ஒன்றுதான். எங்கள் நைனா என்னை நகரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, வாத்தியார் போட்ட தேதி. நான் பிறந்தது கார்த்திகை மாதம் என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறாள். படித்து, வேலைக்கு வந்து, திருப்பதியில் வீடு கட்டி, தெலுங்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறின பிறகு, அந்தத் தேதி உண்மையிலேயே என்னுடையது என்று நானே நம்பிவிட்டேன். ஒவ்வொரு ஜூன் ஒன்றுக்கும் ஆபீசில் கேக் வெட்டுவார்கள். நானும் வெட்கமில்லாமல் வெட்டினேன். ஊரை மறந்தவளுக்கு ஊரின் பூட்டு எப்படித் தெரியும்?

உடனே பதிவுகளை வேறு மாதிரி திருப்பிப் பார்த்தேன். அதுவரை ஒவ்வொரு கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நேர வரிசைப்படி பார்த்தேன். வெட்டவெளிச்சமாக இருந்தது. ஒரே இடத்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். அப்ளிகேஷன் நம்பர்களை ஒன்றுக்கு அடுத்து ஒன்று என்று வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை மட்டும் அடித்துவிட்டு நகர்ந்திருக்கிறான். நான் வைத்த பூட்டு, ஒரு வீட்டை ஐந்து முறை தட்டினால்தான் விழித்துக்கொள்ளும். அவனோ ஒரே சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கிறான். திறந்த வீடுகளின் பட்டியலை எடுத்தேன். ஒன்றுவிடாமல் ஜூன் ஒன்று.

அந்தப் பட்டியலில் முனிரத்னம் சென்டர்ப் பிள்ளைகள் கொஞ்சம்தான். நகரி, புத்தூர், ராமகுப்பம் என்று எல்லைக் கிராமங்கள் அத்தனையும் இருந்தன. அங்கிருந்தெல்லாம் ஏன் புகார் வரவில்லை? அதையும் அவரே சொன்னார்.

"நான் ரெண்டு நாளைக்கி ஒரு தபா வந்து பாருங்கடான்னு சொல்லிடுவேன் மேடம். பிரின்ட் எடுத்து ஒத்து பாக்க சொல்வேன். பசங்க வாழ்க்கையாச்சே."

அவர் அக்கறையாகப் பார்க்கச் சொன்னதால் புகார் வந்தது. புகார் அங்கிருந்து மட்டும் வந்ததால் அவரைத் திருடன் என்றேன். புகார் வரும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கே கவனிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். "மொதல்ல கதவத் தெறங்க மேடம்" என்றார். அடைத்ததை அப்போதே திறந்தேன். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. என் டிபன் பாக்ஸை அவர் பக்கம் தள்ளி, "மொதல்ல துன்னுங்க, அப்பறம் பேசலாம்" என்றேன். அந்த ஆபீசில் நான் துன்னுங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டைரக்டரிடம் போனேன். தப்பு என்னுடையது, லாகின் பக்கத்தை அப்படி வைத்தவள் நான் என்று முதலில் அதைச் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் பயந்தவர். தேதியை நீட்டிக்க முடியாது, திங்கட்கிழமை சீட் அறிவிக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புகார் கொடுத்தவர்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்து விடுங்கள். மற்றவர்களுக்கு நடந்ததே தெரியாது" என்றார்.

ஒரு விநாடி அது எனக்கும் இனித்தது. மஞ்சுளாவுக்கு நர்ஸிங் கிடைத்துவிடும். என் பெயரும் தப்பிக்கும். ஆனால் திறந்திருந்த கதவு வழியாக, என் மேஜைப் பக்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் கண்ணில் பட்டார். "சார், புகார் கொடுத்தவர்களுக்கு ஒரு முனிரத்னம் இருந்தார். மற்றவர்களுக்கு யாரும் இல்லை. அதற்காக அவர்களை விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்றேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நாளை ஐந்து மணிக்குள் முடியுமென்றால் செய்யுங்கள்" என்றார்.

பிறந்த தேதி பாஸ்வேர்டுகளை மொத்தமாக ரத்து செய்தோம். புதிய பாஸ்வேர்டைப் பிள்ளைகளிடம் எப்படிச் சேர்ப்பது? ஈமெயில் கிடையாது. போன் நம்பர் என்று பாரத்தில் இருந்தது பாதி பேருக்கு நெட் சென்டர் நம்பர். டவுன் பிள்ளைகளை ஆபீஸ் ஆட்கள் போனில் பிடித்தார்கள். ஆப்ஷன் மாற்றப்பட்ட கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீட்டு அச்சடித்து, மடித்து, பின் அடித்து, மேலே பெயர் எழுதினோம். முதல் சீட்டைப் பார்த்ததுமே முனிரத்னம் தலையில் கை வைத்தார்.

"பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல நட்சத்திரம். இத்த எங்க பசங்க எப்பிடி மேடம் அடிப்பாங்க? அஞ்சு தபா தப்பு பண்ணா உங்க கதவு பூட்டிக்கும். திருடன் பண்ண வேண்டிய வேலைய நீங்களே பண்ணிக்குடுப்பீங்க."

அவர் சொன்னது நியாயம். சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் என்று மாற்றினேன். ஒரு நாள் பூட்டை எடுத்துவிட்டு, தப்பு கூடக் கூட காத்திருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்படி செய்தேன். ஒரே இடத்திலிருந்து பல கணக்குகளில் தப்பாகத் தட்டினால் அந்த இடத்தையும் மெதுவாக்கும்படி இன்னொரு காவல் வைத்தேன். சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்று, சர்டிபிகேட்டில் இல்லாத, உன் ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றை வை, யாரிடமும் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நகரி, புத்தூர், ராமகுப்பம் கவர்களை அந்தந்த ஊர் பஸ் டிரைவர்களிடம் கொடுத்தோம். மருந்தும் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தானே போய்க்கொண்டிருந்தன. போய்ச் சேரும் இடத்தில் சென்டர்காரர்கள் ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுக்க வேண்டும். சத்தியவேட்டு கவரை முனிரத்னம் தன் சட்டைக்குள் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டார். முந்தின நாள் நான் திருடன் என்று சொன்ன மனிதரிடம் அத்தனை சாவிகளையும் கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை என் திரையில் ஒரு பட்டியல். புது பாஸ்வேர்டோடு வந்து ஆப்ஷனை உறுதி செய்தவர்கள் பச்சை, செய்யாதவர்கள் சிவப்பு. மத்தியானத்துக்குள் பாதி பச்சையானது. இரண்டு மணிக்கு முனிரத்னம் போன் செய்தார். "ரொம்ப மெதுவா போவுது மேடம். ஒவ்வொருத்தனும் உள்ள போவறதுக்குள்ள டீ ஆறிப்போவுது." எனக்குப் புரிந்தது. ஒரே இடத்தில் இத்தனை பிள்ளைகள் தப்புத் தப்பாக அடிக்கிறார்கள். என் புதுக் காவலுக்கு அவர்களும் திருடனாகத் தெரிகிறார்கள். அதே நேரத்தில் வேறொரு இடத்திலிருந்து உண்மையான திருடனும் திரும்பி வந்திருந்தான். அதே ஜூன் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

காவலை எடுத்தால் இரண்டு பேருக்கும் வழி. வைத்தால் பிள்ளைகளுக்கு ஐந்து மணி ஆகிவிடும். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. "அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாரயும் உங்களுக்கு முகம் தெரியுமா?" என்று கேட்டேன். "முகமா? யார் யாருக்கு எப்பக் காது குத்துனாங்கன்னு சொல்லட்டா?" என்றார். அந்த ஒரு சென்டரை மட்டும் காவலிலிருந்து விலக்கினேன். உலகத்தில் மற்ற எல்லாருக்கும் காவல் அப்படியே இருந்தது.

நாலரைக்கு சத்தியவேட்டில் இரண்டு பேர்தான் சிவப்பு. அதில் ஒன்று எனக்கு மனப்பாடமான நம்பர். நாலே முக்காலுக்கும் சிவப்பு. என் கை தானாகவே போனை எடுத்தது.

"மஞ்சுளா எங்க?"

"இங்கதான் மேடம் இருக்குது. மத்த பசங்களுக்கு அடிச்சி குடுத்துகினு இருக்குது. கை வேகமா ஓடுது அதுக்கு."

"அய்யோ, மொதல்ல அவள உக்கார வைங்க!" என்று நான் கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. போனில் நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ சிரிப்பது. "பாஸ்வேர்ட சத்தமா சொல்லாத" என்று முனிரத்னம் அதட்டுவது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அந்த நம்பர் பச்சையானது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

எல்லாரையும் காப்பாற்றினோம் என்று சொல்லமாட்டேன். கடைசிவரை வராதவர்களுக்குத் திருட்டுக்கு முந்தைய ஆப்ஷன்களையே திரும்ப வைத்தோம். அதில் ராமகுப்பத்துப் பையன் ஒருவன் திருட்டுக்குப் பிறகு தானே மனம் மாறி ஆப்ஷனை மாற்றியிருந்தான். அவன் கேட்டது அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, உறுத்தட்டும்.

மஞ்சுளாவுக்குத் திருப்பதி நர்ஸிங் கிடைத்தது. படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, இப்போது கல்ஃபில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் அப்பா இப்போதும் என் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றுகிறார், வேர்க்கடலை மூட்டையை மட்டும் உள்ளே வைக்கிறார். ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் அவள் எனக்கு போன் செய்வாள். ஹேப்பி பர்த்டே மேடம் என்பாள். ஹேப்பி பர்த்டே மஞ்சுளா என்பேன். இரண்டு பேரும் அன்றைக்குப் பிறக்கவில்லை என்று தெரிந்து சிரிப்போம்.

நான் ரிட்டையர் ஆனது மே முப்பத்தொன்று. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தின நாளே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. வாத்தியார் போட்ட தேதி என் நாற்காலியை ஆறு மாதம் முன்னாலேயே எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது மஞ்சுளா கூப்பிட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ட்ரெயினிங்ல எங்க ஊரு கவர்மென்ட் ஆஸ்பத்திரில போஸ்டிங் போட்டாங்க இல்ல? அங்க பழைய பிரசவ ரிஜிஸ்டரு ஒண்ணு இருந்துச்சு. பொழுதுபோகாம பொரட்டிகினு இருந்தேன். அம்மா பேரு இருந்துச்சு மேடம். நைனா பேரு, ஊரு பேரு, பெண் கொழந்தைன்னு போட்டு தேதியும் நேரமும் இருந்துச்சு. நான் பொறந்த நெஜமான தேதி."

"அடி கள்ளி, இத்தன வருஷம் சொல்லவே இல்லயே! மழ பெஞ்ச நாள்தானே? எந்தத் தேதிம்மா?" என்று கேட்டேன். அன்றைக்கும் போன் செய்து வாழ்த்தலாமே என்ற ஆசைதான்.

அந்தப் பக்கம் சிரித்தாள்.

"சொல்லமாட்டேன் மேடம். சர்டிபிகேட்ல இல்லாதது, ஊர்ல யாருக்கும் தெரியாதது, யார்கிட்டயும் சொல்லாதன்னு நீங்கதான சீட்டுல எழுதியிருந்தீங்க? அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸ்ல இருக்குது."

பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சரிம்மா, என்கிட்டயும் சொல்லாதே என்று சொல்லி, சந்தோஷமாக போனை வைத்தேன்.